மூன்று மாதம் கழித்து மேட்டில் ஏற்றலாமா?

முட்டம்காற்று:
தம்பிக்கு 17 வயது, பேஸ்பாலில் பிட்சர், அதாவது மட்டையாளனுக்குப் பந்தெறிபவன். பிளஸ் டூ பரீட்சை, அப்புறம் எடவப்பாதி மழை என்று மூன்று மாதமாகப் பந்தைத் தொடவில்லை. மூன்று வாரத்தில் போட்டி. கை நல்லா இருக்கு என்கிறான். பிட்சர் நின்று எறிகிற மண்மேட்டில் ஏற்றி முழு வேகத்தில் எறிய விடலாமா?

வடசேரி_பழையகை:
விடுங்க மக்கா. எறிந்தால்தான் கை திறக்கும். நாங்கள் மாங்காய்க்குக் கல்லெறிந்தபோது எவன் அடி அளந்தான்? ரிங்கு சிங்கும் (கிரிக்கெட் ரிங்கு இல்லை) தினேஷ் படேலும் நம்ம நாட்டில் ஈட்டி எறிந்துகொண்டிருந்தவர்கள்தான். 2008-ல் அமெரிக்க பேஸ்பால் அணியான பிட்ஸ்பர்க் பைரேட்ஸ் அவர்களைப் பிட்சராக எடுக்கவில்லையா?

தக்கலைக்காரன்:
அண்ணே, அதற்கு முன் அமெரிக்காவில் மாதக்கணக்கில் பயிற்சி கொடுத்தார்களே, அதை விட்டுவிட்டீர்கள்.

கை நன்றாகத்தான் இருக்கும். தசை சீக்கிரம் தேறிவிடும். முழங்கையின் உள்பக்கம் எலும்புகளைப் பிடித்து நிற்கும் நார் அவ்வளவு சீக்கிரம் தேறாது. ஆளை ஏமாற்றுவது அதுதான். முதலில் 45 அடியில் தளர்வாக எறியட்டும். ஒரு நாள் எறிந்தால் மறுநாள் ஓய்வு. வலியில்லாமல் இரண்டு மூன்று தடவை முடித்தால் 60, அப்புறம் 90, 120. வலித்தால் நிறுத்தி, முந்தைய தூரத்துக்கே திரும்ப வேண்டும். சமதரையில் இதெல்லாம் முடிந்த பிறகுதான் மேடு.

பட்டுத்தான் சொல்கிறேன். கல்லூரியில் லீவு முடிந்து வந்த முதல் நாளே நாற்பது பந்து எறிந்தேன், எல்லாம் முழு வேகம். மறுநாள் டீக்கடையில் வலது கையால் கிளாஸைத் தூக்கினால் டீ தளும்பிச் சட்டையில் கொட்டியது. அந்த சீசன் அதோடு போச்சு.

வடசேரி_பழையகை:
டீக்கதை சரி. ஆனால் ஓய்வு ஓய்வு என்று உட்கார வைத்தால் தோள் இறுகிவிடும். அதற்கு என்ன பதில்?

தக்கலைக்காரன்:
உட்காரச் சொன்னது யார்? எறியாத நாளில் ரப்பர் பட்டை கட்டித் தோளுக்கு வேலை கொடுக்கலாம். எறிகிற நாளில் ஓடி, உடம்பு வியர்த்த பிறகு பந்தை எடுக்கட்டும். கடற்கரை பக்கத்தில்தானே என்று மணலுக்குக் கூட்டிப் போக வேண்டாம். கால் புதைந்தால் பாரமெல்லாம் கைக்கு ஏறும். நன்றாகத் தயாரான 17 வயதுக்காரனுக்கே அமெரிக்காவில் ஒரு நாளைக்கு 105 பந்துதான் உச்ச வரம்பு.

முட்டம்காற்று:
ஒரு நாள் விட்டு ஒரு நாள் என்றால் மூன்று வாரத்தில் பத்துப் பதினொரு நாள்தான் கிடைக்கும். மேட்டுக்கு வந்து சேர மாட்டான். அதுவரை ஃபீல்டராக முதல் பேஸில் நிறுத்தலாமா? அங்கே பிடிக்கிற வேலைதானே அதிகம்.

வடசேரி_பழையகை:
முதல் பேஸா? தம்பி உயரம் எத்தனை?