நிபாலியின் 2014 டூர் வெற்றியை எப்படி மதிப்பிடுவது?

கேள்வி:
மூன்று பெரும் சைக்கிள் சுற்றுகளையும் வென்ற இத்தாலியர்கள் ஃபெலிச்சே ஜிமோந்தியும் வின்சென்சோ நிபாலியும் மட்டுமே. நிபாலி 2010இல் ஸ்பெயினின் வுவெல்டாவையும், 2013இல் இத்தாலியின் ஜீரோவையும், 2014இல் டூர் டி பிரான்ஸையும் வென்றார். ஆனால், முதன்மைப் போட்டியாளர்களான ஃப்ரூமும் கொன்டடோரும் விழுந்து விலகியதால்தான் 2014 வெற்றி அவருக்குக் கிட்டியது என்று பலர் எழுதுகிறார்கள். இது நியாயமா?

மறுமொழி 1:
நியாயமில்லை என்றே கருதுகிறேன். ஐந்தாம் நாள், மழையில் நனைந்த கல்பாவிய சாலைகளில், மலையேறும் வீரரான நிபாலி மூன்றாவதாக வந்து சேர்ந்தார். கொன்டடோர் பத்தாம் நாள் விழுவதற்கு முன்பே அவரைவிட ஏறத்தாழ இரண்டரை நிமிடம் பின்தங்கியிருந்தார் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். நான்கு நாட்களின் பந்தயங்களில் முதலிடம் பெற்று, இரண்டாம் இடத்தவரை ஏழரை நிமிடத்துக்கும் மேல் முந்தியவரை அதிர்ஷ்டசாலி என்று சொல்லி ஒதுக்க முடியாது.

மறுமொழி 2:
முந்தைய கருத்தை ஓரளவே ஏற்கிறேன். அந்த இருவரும் இருந்திருந்தால் பிரனே மலைகளில் என்ன நடந்திருக்கும் என்பதற்கு விடையே இல்லை. நிபாலி வென்ற 2016 ஜீரோவிலும் இதே கேள்வி எழுகிறது. 4 நிமிடம் 43 வினாடி பின்தங்கியிருந்த நிபாலி, கோல்லே டெல்லாக்னெல்லோ கணவாயின் இறக்கத்தில், முதலிடத்தில் இருந்த க்ரைஸ்விக் பனிச்சுவரில் மோதி விழுந்த நாளில்தான் மீண்டெழுந்தார்.

மறுமொழி 3:
இறக்கத்தில் விழாமல் விரைவதும் இந்த விளையாட்டின் திறமைதான். நிபாலியின் தனிச்சிறப்பே அதுதான். அதே துணிவு 2016 ரியோ ஒலிம்பிக்கில் அவரைக் கைவிட்டது. முன்னணியில் இருந்தவர், கடைசி இறக்கத்தில் விழுந்து காறை எலும்பை முறித்துக்கொண்டார். 2018 டூரில், ஆல்ப் துவெஸ் ஏற்றத்தில் பார்வையாளர் நெரிசலுக்கு நடுவே விழுந்தவர், முதுகெலும்பு முறிந்த நிலையிலும் எழுந்து அன்றைய பந்தயத்தை முடித்த பிறகே விலகினார். விபத்துகள் அவருக்குக் கொடுத்ததைக் கணக்கிடுவோர், அவரிடமிருந்து பறித்ததையும் கணக்கிட வேண்டும்.

எனக்கு மிக உயர்ந்ததாகத் தோன்றுவது, ஒருநாள் பந்தயமான மிலான்–சான் ரெமோவில் அவர் 2018இல் பெற்ற வெற்றிதான். ஏறத்தாழ 290 கிலோமீட்டருக்குப் பின், கடைசி ஏற்றமான போஜ்ஜோவில் தனியே பிரிந்து, கடைசி நேர வேகத்தில் தம்மை எளிதாக வெல்லக்கூடிய வீரர்கள் முதுகுக்குப் பின்னால் நெருங்கி வரும்போதே கோட்டைத் தாண்டினார். அன்று அவருக்காக எவரும் விழவில்லை.