'பாளையங்கோட்டை குடும்பம்' அரட்டைக் குழு: மகன் இனியனின் ராத்திரி இருமல்

செவ்வாய், இரவு 2:14

நான்: யாராவது முழித்திருக்கிறீர்களா? இனியனுக்கு இன்றைக்கும் அதே கதைதான். ஒன்பது மணிக்கு நன்றாகத் தூங்கினான், ஒன்றரைக்கு ஆரம்பித்தது. எழுந்து உட்கார்ந்து விடாமல் இருமி, குடித்த பால் மொத்தத்தையும் போர்வையில் கக்கிவிட்டான். இப்போது என் தோளில் சாய்ந்து தூங்குகிறான், கீழே கிடத்தினால் மறுபடி வந்துவிடுமோ என்று இருக்கிறது.

தம்பி: நான் ஷிஃப்டில்தான் இருக்கிறேன் அக்கா. மூச்சு ஒழுங்காக விடுகிறானா? காய்ச்சல்?

நான்: காய்ச்சல் இல்லை. மூச்சு இப்போது பரவாயில்லை. பகலில் பார்த்தால் இவனுக்கா இருமல் என்று கேட்பாய், அப்படி ஆட்டம் போடுகிறான்.

தம்பி: சரி, அப்படியே தூங்கட்டும். அடுத்த தடவை இருமும்போது போனில் வீடியோ எடுத்து வை. டாக்டரிடம் போனால் அங்கே ஒரு தும்மல்கூடப் போட மாட்டான், நாம் சொல்வதை நம்பவே மாட்டார்கள்.

நான்: எனக்கு இருப்பது இரண்டு கைதான் தம்பி.

தம்பி: அத்தானை எழுப்பு 😄

புதன், காலை 5:05

அம்மா: இப்போதுதான் பார்த்தேன் பவி. தீபாவளிக்கு முன்னால் சளி பிடித்தது என்றாயே, இன்னுமா போகவில்லை? கார்த்திகையே பிறந்துவிட்டதே.

பெரியம்மா: ஏட்டி பவி, நான் சொன்ன கற்பூரவல்லி கொடுத்தியா இல்லையா? நாலு இலையை அனலில் வாட்டிப் பிழிந்து, தேன் விட்டுக் கொடு. ராத்திரி படுக்கும்போது தேங்காய் எண்ணெயில் ஒரு கட்டி சூடம் போட்டுக் காய்ச்சி நெஞ்சிலும் முதுகிலும் சூடு பறக்கத் தேய். உங்கள் எல்லாரையும் அப்படித்தான் வளர்த்தோம்.

சித்தி: மூக்கிலும் ரெண்டு சொட்டு எண்ணெய் விடலாம் அக்கா. சளி இளகி வந்துவிடும்.

மாமா: மருமகளே, நான் குடிக்கிற சிரப் ஒன்று இருக்கிறது, ஒரு மூடி குடித்தால் அன்றைக்குத் தூக்கம் சொர்க்கம். பிள்ளைக்கு அரை மூடி கொடுத்தால் போதும். போட்டோ அனுப்புகிறேன்.

நான்: மாமா, தெருமுனை மெடிக்கலில் கேட்டு ஏற்கெனவே ஒரு சிரப் வாங்கி வந்தார் அவர். கொடுத்த அன்றைக்குத் தூங்கினான். மறுநாள் மறுபடி அதே ஒன்றரை மணி.

காலை 8:40

மதினி: ஆஸ்பத்திரி டியூட்டி முடிந்து பஸ்ஸில் இருக்கிறேன், மொத்தத்தையும் படித்தேன். மாமா, அந்த போட்டோ வேண்டாம். பெரியவர்கள் சிரப்பைப் பாதி அளந்தால் அது பிள்ளை மருந்து ஆகிவிடாது. பவி, நீ வாங்கிய பாட்டிலைத் திருப்பிப் பின்பக்கம் படி. குளோர்பெனிரமின், பினைலெப்ரின் என்ற சளி மருந்துகள் இரண்டும் சேர்ந்திருந்தால் நான்கு வயதுக்குக் கீழே கொடுக்கக் கூடாது என்று 2023 டிசம்பரிலேயே மத்திய மருந்துக் கட்டுப்பாட்டாளர் உத்தரவு போட்டாகிவிட்டது, நம் பயலுக்கு மூன்றரைதான். 2025 அக்டோபரில் மத்தியப் பிரதேசத்தில் நடந்ததை நீங்கள் எல்லாரும் டிவியில் பார்த்தீர்கள். நம் காஞ்சிபுரம் மாவட்டத்தில் தயாரான இருமல் சிரப், அதில் 48.6 சதவீதம் டைஎதிலீன் கிளைக்கால். 0.1 சதவீதத்துக்கு மேல் இருக்கவே கூடாத விஷம். இருபதுக்கும் மேற்பட்ட பிள்ளைகள் கிட்னி செயலிழந்து இறந்துபோய்விட்டன. எல்லா சிரப்பும் அப்படி என்று சொல்லவில்லை, ஆனால் நல்ல சிரப்பாகவே இருந்தாலும் இந்த வயசுப் பிள்ளைகளின் இருமலுக்கு அதனால் பெரிய பிரயோசனம் கிடையாது, தூக்க மயக்கம் வரும், அவ்வளவுதான். இரண்டு வயதுக்குக் கீழே எழுதவே கூடாது, ஐந்து வயதுக்குள் பொதுவாக வேண்டாம் என்று மத்திய அரசின் சுகாதார சேவைகள் இயக்குநரகமே அக்டோபர் 3-ஆம் தேதி சொல்லிவிட்டது.

மாமா: ஓகே மா. டெலீட் பண்ணிவிட்டேன்.

பெரியம்மா: அப்போ சூடம் எண்ணெயும் கூடாது என்பாயே?

மதினி: சூடம்தான் பெரியத்தை எனக்கு ரொம்பப் பயம். தோல் வழியாகவும் உள்ளே போகும், பிள்ளை கையில் ஒட்டி வாய்க்கும் போகும். சின்னக் கட்டி வயிற்றுக்குள் போனாலே வலிப்பு வரும். அப்படி வந்த பிள்ளையை வார்டில் நானே பார்த்திருக்கிறேன், விளக்கு மாடத்தில் இருந்த சூடத்தைக் கல்கண்டு என்று தின்றுவிட்டது. சின்னத்தை, மூக்கில் எண்ணெயும் வேண்டவே வேண்டாம், அது நுரையீரலுக்குள் இறங்கினால் நிமோனியா மாதிரி ஆகிவிடும். மூக்கு அடைத்தால் மெடிக்கலில் சலைன் டிராப்ஸ் கிடைக்கும், வெறும் உப்புத் தண்ணீர்தான், அதை விடலாம். சுடுதண்ணீர் ஆவியும் பிடிக்க வேண்டாம், ஆவியில் சளி போனதைவிடத் தொடையில் வெந்நீர் கொட்டி வந்த பிள்ளைகள்தான் அதிகம்.

மதினி: தேன் கொடுக்கலாம். படுப்பதற்கு அரை மணி முன்னால் அரை டீஸ்பூன். கற்பூரவல்லிச் சாறும் கொஞ்சமாகக் கொடுங்கள், தப்பில்லை, ஆனால் அது குணமாக்கும் என்று காத்துக்கொண்டே இருக்க வேண்டாம்.

சித்தி: தேன் என் பேரனுக்கும் கொடுக்கலாமா? அவனுக்கும் லேசாகச் சளி.

மதினி: எட்டு மாதம்தானே? ஒரு வயது முடிகிற வரை தேன் நாக்கில் தொட்டுக்கூட வைக்கக் கூடாது சின்னத்தை. தேனில் ஒரு கிருமியின் வித்து இருக்கலாம், அந்தக் குடலில் அது முளைத்து விஷத்தை உண்டாக்கும், பிள்ளை துவண்டு போகும். தாய்ப்பால்தான் அவனுக்கு மருந்து.

மதினி: பவி, இப்போது உனக்குக் கேள்வி. விசில் மாதிரிச் சத்தம் கேட்கிறதா? ஓடினால், விழுந்து விழுந்து சிரித்தால் இருமுகிறானா? இருமி முடிக்கும்போது மூச்சை இழுக்கையில் 'ஹூப்' என்று வருகிறதா? எடை? வாயைத் திறந்துகொண்டு குறட்டை விடுகிறானா? இது தொடங்குவதற்கு முன்னால் வேர்க்கடலை, பட்டாணி என்று ஏதாவது தின்னும்போது புரையேறியதா?

நான்: விசில் எனக்குத் தெரியவில்லை மதினி, முதுகில் காதை வைத்தால் கரகரவென்று கேட்கிறது. ஓடினால் இருமுகிறான், ஆமாம். அவர் கிச்சுகிச்சு மூட்டினாலே வந்துவிடும், அதனால் இப்போது யாரையும் சிரிக்க வைக்க விடுவதில்லை. ஹூப் இல்லை, குறட்டை இல்லை. கடலை எதுவும் புரையேறவில்லை. எடை போன மாதத்தைவிடக் கொஞ்சம் கூடியிருக்கிறது. கடலை எதற்குக் கேட்டீர்கள்?

மதினி: பாதிக் கடலை மூச்சுக்குழாயில் போய் உட்கார்ந்துகொண்டு மாதக்கணக்கில் இருமல் என்று அலைகிற பிள்ளைகள் உண்டு. எக்ஸ்ரேயில் கடலை தெரியாது. அதனால்தான்.

அம்மா: கைமடிப்பில் கரப்பான் படை வந்ததே போன வருஷம், அதையும் சொல்லு பவி.

தம்பி: தாத்தாவுக்கு இளைப்பு இருந்ததே. மார்கழி முழுக்கத் திண்ணையில் உட்கார்ந்தே தூங்குவாரே.

மதினி: அப்படிச் சொல்லுங்கள், இரண்டும் அலர்ஜிக்கு அடையாளம். அப்பா வழியா அம்மா வழியா, எந்தத் தாத்தா?

அம்மா: என் அப்பா.

சித்தி: எனக்கு வேறு பயம். என் சின்னவளுக்கு இதே மாதிரி இருமல், சோறு இறங்காது. பிரைமரி காம்ப்ளக்ஸ் என்று சொல்லி ஆறு மாதம் மருந்து கொடுக்கச் சொன்னார்கள். மூத்திரம் ஆரஞ்சாகப் போகும், ஞாபகம் இருக்கிறதா அக்கா? இவனுக்கும் அதுவாக இருந்தால்?

மதினி: நல்ல கேள்விதான் சின்னத்தை. அந்தக் காலத்தில் நம் பக்கம் சாப்பிடாத பிள்ளை, இருமுகிற பிள்ளை எல்லாருக்கும் அந்தப் பெயரை வைத்துவிடுவார்கள். அது பிள்ளைகளுக்கு வருகிற டிபிதான், உண்மையாக இருந்தால் மருந்தை ஒரு நாள்கூட விடக் கூடாது. ஆனால் டிபி என்றால் ராத்திரி பகல் பார்க்காது, பிள்ளை இளைக்கும், விட்டு விட்டுக் காய்ச்சல் வரும், வீட்டிலோ பக்கத்திலோ இருமுகிற பெரியவர் ஒருவர் பெரும்பாலும் இருப்பார். பவி, உன் வீட்டுக்கு வேலைக்கு வருகிற அம்மாவுக்கு இருமல் உண்டா என்று மட்டும் பக்குவமாகக் கேள். சந்தேகம் இருந்தால் டாக்டர் கையில் ஊசி போட்டு மாண்டூ என்கிற டிபி சோதனை பார்ப்பார், எக்ஸ்ரே எடுப்பார். நாமே முடிவு கட்ட வேண்டாம்.

நான்: ராத்திரி மட்டும் ஏன் மதினி?

மதினி: அந்த நேரத்தில் எல்லாருக்குமே மூச்சுக்குழாய் இயல்பாகக் கொஞ்சம் சுருங்கும். நமக்குத் தெரியாது, அலர்ஜி உள்ள பிள்ளைக்குத் தெரிந்துவிடும். படுத்திருப்பதால் மூக்குச் சளியும் தொண்டையில் இறங்கும். சாதாரண சளி இருமல் இரண்டு மூன்று வாரம்கூட இழுக்கும், அதற்காக ஓட வேண்டாம். நான்கு வாரம் தாண்டினால் கட்டாயம் காட்ட வேண்டும், உனக்குத் தாண்டிவிட்டது. இது எனக்கு வீசிங், அதாவது மூச்சுக்குழாய் சுருங்கி வருகிற இளைப்பு மாதிரிதான் தெரிகிறது, ஆனால் ஸ்டெத் வைத்துப் பார்ப்பவர் சொல்லட்டும்.

மதினி: இன்னொன்று, படுக்கிற அறையில் கொசுவுக்கு என்ன போடுகிறீர்கள்?

நான்: மழை ஆரம்பித்ததிலிருந்து சுருள். கட்டில் காலடியில். வேளச்சேரிக் கொசுவைப் பற்றி உங்களுக்குத் தெரியாது மதினி.

மதினி: ஒரு சுருள் எரிந்து முடிவதற்குள் விடுகிற நுண்துகள், 75 முதல் 137 சிகரெட் விடுகிற அளவு என்று அளந்து பார்த்திருக்கிறார்கள். கதவைச் சாத்திக்கொண்டு வேறு படுக்கிறீர்கள். இன்றைக்கே எடுத்துவிட்டு வலை கட்டு. சாம்பிராணியும் கொஞ்ச நாள் வேண்டாம்.

பெரியம்மா: சாம்பிராணியுமா!

மதினி: வாசலில் போடுங்கள் பெரியத்தை, பிள்ளை இருக்கிற அறையில்தான் வேண்டாம்.

மதினி: பவி, ராத்திரி பயந்தால் இதைச் செய். அவன் தூங்கும்போது சட்டையைத் தூக்கிவிட்டு, வயிறு ஏறி இறங்குவதை ஒரு முழு நிமிஷம் எண்ணு. நாற்பதும் அதற்கு மேலும் போனால் டாக்டரிடம் போ. விலாவுக்குக் கீழே குழி விழுந்தால், உதடு நீலம் பாய்ந்தால், பேச முடியாமல் திணறினால் 108-ஐக் கூப்பிடு, இந்தக் குழுவில் கேட்டுக்கொண்டிருக்காதே.

வெள்ளி, மாலை 6:30

நான்: போய்விட்டு வந்தோம். தம்பி சொன்னது சரி, அங்கே போனதும் மீன் தொட்டியைச் சுற்றி ஓடினான், ஒரு இருமல் இல்லை. நேற்று ராத்திரி அவர் எடுத்த வீடியோவைக் காட்டியதும் டாக்டர் இரண்டு தடவை போட்டுப் பார்த்தார். வீசிங்தான் என்கிறார். இரண்டு இன்ஹேலர், அதை மாட்டுகிற ஸ்பேசர் என்கிற பிளாஸ்டிக் குழாய், குட்டி மாஸ்க். ஒன்று தினமும் காலை மாலை, இன்னொன்று இருமல் வரும்போது மட்டும். சில வாரம் கழித்து வரச் சொல்லியிருக்கிறார்.

பெரியம்மா: இன்ஹேலரா! இந்த வயசிலேயா! பழகிவிட்டால் ஆயுசுக்கும் விட முடியாதே பவி. எங்கள் தெரு சார் பையில் அதை வைத்துக்கொண்டே அலைகிறார். வேறு மருந்து கேட்டிருக்கக் கூடாதா? சிரப்பாகக் கொடுத்தால் என்ன?

அம்மா: நானும் அதைத்தான் நினைத்தேன். சொல்லவில்லை.

மதினி: வந்துவிட்டேன். இருமல் வரும்போது கொடுக்கிற மருந்து, சால்புட்டமால், அதே மருந்து சிரப்பிலும் இருக்கிறது. சிரப்பில் ஒரு டீஸ்பூன், 5 மில்லி, கொடுத்தால் 2 மில்லிகிராம். இன்ஹேலரில் ஒரு அழுத்து 100 மைக்ரோகிராம். அதாவது இருபது அழுத்து சேர்ந்தால்தான் ஒரு டீஸ்பூன் சிரப். சிரப் வயிற்றில் போய் ரத்தத்தில் கலந்து உடம்பெல்லாம் சுற்றும், கை நடுங்கும், நெஞ்சு படபடக்கும், பிள்ளை தூங்காமல் குதிக்கும். இது நேராகப் போக வேண்டிய இடத்துக்குப் போகிறது. இதில் எது சின்ன மருந்து, எது பெரிய மருந்து பெரியத்தை?

பெரியம்மா: நீ கணக்குப் போட்டால் நான் என்ன சொல்ல.

மதினி: போதை மாதிரி பழகுகிற சரக்கு அதில் எதுவும் இல்லை. தெரு சார் அதை வைத்திருப்பது இளைப்பு இருப்பதால், இன்ஹேலர் போட்டதால் இளைப்பு வரவில்லை. இந்த வயசில் வீசிங் வருகிற பிள்ளைகளில் நிறையப் பேருக்கு ஆறு வயதுக்குள் விட்டுவிடும். டாக்டரே நிறுத்திப் பார்ப்பார், நீயாக இரண்டு நாள் தூங்கினான் என்று நிறுத்திவிடாதே பவி. அந்தக் காலை மாலை மருந்து உடனே காட்டாது, உள்ளே இருக்கிற வீக்கம் மெல்லத்தான் இறங்கும்.

நான்: மாஸ்க் வைத்தால் அலறுகிறான் மதினி. அழும்போது கொடுத்தால் உள்ளே போகுமா?

மதினி: அழுதால் பாதி வீண். முதலில் வெறும் மாஸ்க்கைக் கையில் கொடுத்து விளையாட விடு, கரடிப் பொம்மைக்கு அவன் போடட்டும். இன்ஹேலரை நன்றாகக் குலுக்கி, ஸ்பேசரில் மாட்டி, மாஸ்க் மூக்கும் வாயும் மூடுகிற மாதிரி ஒட்டி வை, கன்னத்தோரம் இடைவெளி இருந்தால் மருந்து அங்கேயே ஓடிவிடும். ஒரே ஒரு அழுத்து, அப்புறம் ஐந்தாறு மூச்சு அவனை எண்ண வை. இரண்டு அழுத்து என்றால் மறுபடி குலுக்கி முதலிலிருந்து. தினசரி மருந்துக்குப் பிறகு வாய் கொப்பளிக்க வை, முகத்தையும் துடை, இல்லாவிட்டால் நாக்கில் வெள்ளை படியும்.

ஞாயிறு, காலை 7:50

தம்பி: என்ன அக்கா, இரண்டு ராத்திரியாகக் குழுவில் சத்தமே இல்லை?

நான்: நேற்று நாலு மணிக்கு ஒரு தடவை இருமினான், எழுந்திருக்கவில்லை. சுருள் இல்லாததால் எங்கள் இரண்டு பேரையும் கொசு தின்கிறது, அவனுக்கு மட்டும்தான் வலை. மதினி, ஸ்பேசர் உள்ளே வெள்ளையாகப் படிந்திருக்கிறது, துணியால் துடைத்துவிடவா?

மதினி: துடைக்காதே. துடைத்தால் பிளாஸ்டிக்கில் மின்சாரம் ஏறி மருந்து சுவரிலேயே ஒட்டிக்கொள்ளும். வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் அலசி, அப்படியே நிழலில் காய விடு. வாரம் ஒரு தடவை போதும்.

அம்மா: பள்ளி லீவுக்கு இங்கே வரும்போது அதையெல்லாம் மறக்காமல் எடுத்து வா பவி. கொசுவலை நான் வாங்கிக் கட்டி வைக்கிறேன். ஆறடிக் கட்டிலுக்கு ஆறுக்கு ஆறு வாங்கினால் கீழே செருக வருமா, இல்லை அதைவிடப் பெரியதா?

மாமா: ஏழுக்கு ஏழு வாங்கு தங்கச்சி. டவுனில் கேட்டுவிட்டு விலை சொல்கிறேன்.