"அஞ்சு வருஷ இன்சூரன்ஸ் இருக்கே" என்று நினைத்திருந்தேன்: வண்டி டியூ, பாலிசி அனுபவம் இருந்தால் எழுதுங்கள்

துறையூரான்

போன மாசம் நடந்தது, இன்னும் மனசை விட்டுப் போகவில்லை. 125 சிசி வண்டி, 2024-ல் எடுத்தது, வாங்கி ஒன்றரை வருஷம்தான். சமயபுரம் தாண்டி வரும்போது நாய் குறுக்கே பாய்ந்து விழுந்தேன். எனக்கு முழங்கையில் தோல் உரிந்ததோடு சரி. வண்டிக்குத்தான் ஃபோர்க் வளைந்து, ஹெட்லைட், வைசர், மீட்டர் எல்லாம் போச்சு. எஸ்டிமேட் 17,400 ரூபாய். நான் அலட்டிக்கொள்ளவே இல்லை. அஞ்சு வருஷ இன்சூரன்ஸ் இருக்கே.

சர்வீஸ் கவுன்டரில் இருந்த பெண் பாலிசியை வாங்கிப் பார்த்தார். பேனா மூடியால் முதலில் ஒரு தேதியைத் தொட்டார், அப்புறம் அதற்குக் கீழே இன்னொன்றை. "சார், மேல இருக்கிறது தேர்ட் பார்ட்டி, 2029 வரைக்கும் இருக்கு. கீழ இருக்கிறது ஓன் டேமேஜ். அது ஒரு வருஷம்தான், ஆறு மாசம் முன்னாடியே முடிஞ்சிடுச்சு." என் வண்டிக்கு என்ன ஆனாலும் ஒரு பைசா வராது. நான் யாரையாவது இடித்திருந்தால் அவருக்கு வரும். நாய்க்குக்கூட ஒன்றும் ஆகவில்லை.

பாலித்தீன் கவரில் மடித்து சீட்டுக்கு அடியில் வைத்த காகிதம். கீழ் வரியை ஒரு நாள்கூடப் படித்ததில்லை. டெலிவரி அன்றைக்கு சந்தனம், குங்குமம் வைத்து எலுமிச்சம்பழத்தை டயருக்கு அடியில் வைக்கிற அவசரத்தில், "அஞ்சு வருஷத்துக்கு இன்சூரன்ஸைப் பத்தி நீங்க யோசிக்கவே வேணாம் சார்" என்றார் அந்தத் தம்பி. பொய் என்றும் சொல்ல முடியவில்லை பாருங்கள், அதுதான் எரிகிறது.

மூணாம் கியர்

இன்சூரன்ஸ் ஒரு பக்கம் இருக்கட்டும், டியூ கதையைக் கேளுங்கள். 80,000 கடன், 24 மாசம், மாசம் 4,000. "வட்டி வெறும் 10 பர்சென்ட்தான்" என்று ஃபைனான்ஸ் டெஸ்கில் இருந்தவர் தினசரி காலண்டரில் ஒரு தாளைக் கிழித்துப் பின்பக்கம் கணக்குப் போட்டுக் காட்டினார். வருஷத்துக்கு 8,000, இரண்டு வருஷத்துக்கு 16,000, ஆக மொத்தம் 96,000, வகுத்தல் 24. கணக்கு கச்சிதம். தாளை மடித்து சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

என் தங்கை பேங்க் பரீட்சைக்குப் படிக்கிறவள். தாளை வாங்கிப் பார்த்தாள். "ஏண்ணே, கடைசி டியூ கட்டும்போது அவங்க பணம் உன்கிட்ட நாலாயிரம்கூட இருக்காது. அப்பவும் முழு எண்பதாயிரத்துக்கும் வட்டி கட்டுறியே?" என்றாள். குறைகிற அசலுக்குக் கணக்குப் போட்டால் 18 சதவீதத்தைத் தாண்டுகிறது. இதில் டாக்குமென்ட் சார்ஜ், ப்ராசஸிங் எல்லாம் தனி. தாளைத் திருப்பினால் முன்பக்கம் "சுபமுகூர்த்த நாள்" என்று போட்டிருந்தது. அம்மா அதைப் பார்த்துவிட்டு, நல்ல நாளில்தான் எடுத்திருக்கிறாய் என்றார்.

கேப்டன் ஸ்பேனர்

@துறையூரான், மன்னிக்கணும், தப்பு உங்க மேல்தான். 2018 செப்டம்பரில் இருந்து புது டூ-வீலருக்கு அஞ்சு வருஷ தேர்ட் பார்ட்டி கட்டாயம், சுப்ரீம் கோர்ட் உத்தரவு. நீங்க எடுத்த 2024-ல் 125 சிசிக்கு அதன் பிரீமியம் 3,851 ரூபாய், ஜிஎஸ்டி தனி. அந்தக் காசுக்கு உங்க வண்டியையும் அஞ்சு வருஷம் பார்த்துக்கொள்வான் என்று எப்படி நினைத்தீர்கள்? @மூணாம் கியர், கையெழுத்துப் போட்டது நீங்கதானே?

நான் மெக்கானிக். 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் பள்ளிக்கரணையில் இரண்டு நாள் தண்ணீரில் நின்ற வண்டி ஒன்று ஷெட்டுக்கு வந்தது. ஃபுல் இன்சூரன்ஸ், அதாவது ஓன் டேமேஜும் சேர்ந்தது, உயிரோடு இருந்தது, சேதத்தைப் பார்க்க இன்சூரன்ஸ் சர்வேயரும் வந்தார். எல்லாம் நல்லபடியாகப் போய்க்கொண்டிருந்தது. "தண்ணி வடிஞ்சதும் ஸ்டார்ட் பண்ணிப் பார்த்தீங்களா?" என்று சும்மா கேட்கிற மாதிரிக் கேட்டார். ஓனருக்கு ஒரே பெருமை. "பேட்டரி இறங்குற வரைக்கும் செல்ஃப் போட்டேன் சார், அப்புறம் ஒரு நாப்பது உதை." சர்வேயர் எழுதிக்கொண்டிருந்த பேனா நின்றது. நான் பின்னால் நின்று கண்ணைக் காட்டுகிறேன், அவர் என்னைப் பார்க்கவே இல்லை. எஞ்சினைப் பிரித்தால் கனெக்டிங் ராடு வளைந்து கிடந்தது. வெள்ளத்தால் வந்த சேதம் இல்லை, ஸ்டார்ட் பண்ணினதால் வந்தது என்று எஞ்சின் வேலை முழுக்க கிளெய்மில் இருந்து வெளியே போனது. தண்ணீர் ஏறிய வண்டியைத் தொடாமல் தள்ளிக்கொண்டு வாருங்கள் என்று தொண்டை கிழியச் சொல்கிறேன், யார் கேட்கிறார்கள்?

ஆவடி அக்கா

கேப்டன் தம்பி, கையெழுத்துப் போட்டது நாங்கதான், இல்லை என்று யார் சொன்னது? கையெழுத்துப் போட்டதற்காக நடுரோட்டில் சாவியைப் பிடுங்கலாமா?

வீட்டுக்காரருக்கு வேலை போன சமயம், ஸ்கூட்டருக்கு இரண்டு டியூ நின்றிருந்தது. பையனைப் பள்ளிக்கூடத்தில் விட்டுவிட்டுத் திரும்புகிறேன், கேட் பக்கத்திலேயே இரண்டு பேர். சத்தம் போடவில்லை, மரியாதைக் குறைவாக ஒரு வார்த்தை இல்லை. ஒருத்தர் சாவியை எடுத்துக்கொண்டார். இன்னொருத்தர் சீட்டைத் திறந்து உள்ளே இருந்ததை ஒவ்வொன்றாக என் கையில் கொடுத்தார். ரெயின்கோட், டிபன் பாக்ஸ். கடைசியில், "அக்கா, பால் பாக்கெட் இருக்கு, மறந்துடாதீங்க." அவர் கத்தியிருந்தால் நானும் கத்தியிருப்பேன். அந்தப் பால் பாக்கெட்டுக்கு என்ன பதில் சொல்வது?

ஒரு கையில் பால், ஒரு கையில் ஹெல்மெட்டோடு பஸ் ஏறினேன். பெண்களுக்குக் காசு வாங்காத பஸ்தான், ஆனாலும் கண்டக்டர் ஹெல்மெட்டையே பார்த்துக்கொண்டிருந்த மாதிரி இருந்தது. பத்து நாள் கழித்து வண்டியை மீட்டோம். நின்ற டியூவோடு, செக் திரும்பினதுக்கு ஒரு தொகை, வண்டி எடுக்க வந்தவர்களுக்கு ஒரு தொகை, யார்டு வாடகை வேறு. இப்போதும் அந்தக் கேட்டுக்குச் சற்று முன்னாலேயே பையனை இறக்கி விடுகிறேன்.

கணக்குப்பிள்ளை

என் வண்டி திருடு போனது. எஃப்ஐஆர் ஆச்சு, கண்டுபிடிக்க முடியவில்லை என்று போலீஸ் சர்டிபிகேட்டும் வந்தாச்சு. கிளெய்முக்குப் போனால் "இரண்டு சாவியும் கொடுங்க" என்றார்கள். இரண்டாவது சாவி எங்கே போனது என்று யாருக்குத் தெரியும்? காணாமல் போனது வண்டி, விசாரணையெல்லாம் சாவிக்கு. டியூ மட்டும் மாசம் தவறாமல் போய்க்கொண்டிருந்தது. கடைசியில் வந்த பணத்திலும் கடன் பாக்கி முதலில் ஃபைனான்ஸுக்குப் போய், மிச்சம்தான் என் கைக்கு.

சரி, எல்லாருக்கும் சில விஷயம் சொல்லிவிடுகிறேன். துறையூரான், ஓன் டேமேஜை மட்டும் தனியாக எடுக்கலாம், 2019-ல் இருந்தே அந்த வசதி உண்டு, பழைய கம்பெனியிலேயே எடுக்க வேண்டும் என்று இல்லை. கிளெய்ம் எடுக்காத வருஷத்துக்கு 20 சதவீதத்தில் தொடங்கி 50 வரை தள்ளுபடி ஏறும். ஆனால் பாலிசி முடிந்து 90 நாள் போய்விட்டால் சேர்த்தது அத்தனையும் போச்சு. உங்களுக்குப் போயிருக்கும். அப்புறம், ஃபுல் இன்சூரன்ஸ் இருந்தாலும் பிளாஸ்டிக், ரப்பர் பாகத்துக்குப் பாதிதான் தருவார்கள், பம்பர் டு பம்பர் என்று கூடுதலாகக் காசு கட்டிச் சேர்த்து எடுத்தால்தான் முழுசு. வண்டி மதிப்பை, அதான் ஐடிவி, பிரீமியம் குறையும் என்று குறைத்துப் போடாதீர்கள், திருடு போனால் அதுதான் வரும். மூணாம் கியர், 2024 அக்டோபரில் இருந்து கடன் கொடுக்கிறவர் எல்லாச் செலவையும் சேர்த்து வருஷ வட்டி இவ்வளவு என்று ஒரு தாளில் தந்தாக வேண்டும், ரிசர்வ் வங்கி விதி. காலண்டர் தாளை வாங்காதீர்கள், அதைக் கேட்டு வாங்குங்கள். கடைசி டியூ கட்டினதும் கடன் பாக்கி இல்லை என்கிற என்ஓசியும் ஃபார்ம் 35-ம் ஃபைனான்ஸில் வாங்கி ஆர்டிஓவில் ஆர்சியில் இருந்து எச்பியை, அதான் வண்டி மேல் கடன் இருக்கு என்கிற பதிவை, எடுங்கள், பாலிசியிலும் ஃபைனான்ஸ் பேரை எடுக்கச் சொல்லுங்கள். பாதிப் பேர் அப்படியே விட்டுவிட்டு, வண்டியை விற்கிற அன்றைக்கு அலைகிறார்கள். இன்னொன்று, தேர்ட் பார்ட்டிகூட இல்லாமல் மாட்டினால் முதல் தடவையே 2,000 ரூபாய் அபராதம். இன்னொன்று

மூணாம் கியர்

அண்ணே, சாவி கிடைச்சுதா இல்லையா? அதைச் சொல்லுங்க முதல்ல.

கணக்குப்பிள்ளை

கிடைச்சுது. மச்சான் வீட்டு சாமி அலமாரியில்.

துறையூரான்

எல்லாருக்கும் நன்றி. கேப்டன், தப்பு என் மேல்தான், ஒத்துக்கொள்கிறேன். ஆவடி அக்கா எழுதினதைப் படித்த பிறகு என் 17,400 பெரிசாகத் தெரியவில்லை.

கணக்குப்பிள்ளை அண்ணன் சொன்னபடி இன்று ஓன் டேமேஜ் எடுக்கப் போனேன். பாலிசி விட்டுப்போன வண்டி, அதனால் நேரில் பார்க்கணும் என்றார்கள். ஒருத்தர் வந்து சுற்றிச் சுற்றி போட்டோ எடுத்தார். முன்பக்கம் வந்ததும் போனை இறக்கிவிட்டார். "என்ன சார், வைசர் உடைஞ்சிருக்கு, மீட்டர் ஓடலை. இதையெல்லாம் சரி பண்ணிட்டுக் கூப்பிடுங்க, அப்புறம் இன்சூரன்ஸ் போட்டுக்கலாம்."