புதுப்பிப்பு: பத்துக்குப் பத்து அறை ஹைஃபை, ஸ்பீக்கர் மாற்றியாச்சு

வேலூர் சத்துவாச்சாரி வீட்டில் என் சின்ன அறையில் பாட்டுக் கேட்டால் பேஸ் (தாழ்ந்த சுரங்களின் ஒலி) இரைச்சலாக இருக்கிறதே, ஆம்ப்ளிஃபயரை மாற்றுவதா, ஸ்பீக்கரை மாற்றுவதா என்று முன்பு கேட்டிருந்தேன். பெரும்பாலோர் ஸ்பீக்கர் என்றீர்கள். சரி என்று தரையில் நிற்கும் பெரிய ஜோடியை விற்றுவிட்டு, ஐந்து அங்குல ஊஃபர் (பேஸ் ஒலி தரும் கூம்பு) உள்ள சின்ன புக்‌ஷெல்ஃப் ஜோடி வாங்கினேன். ஆம்ப்ளிஃபயர் பழையதுதான், தாராளமாகப் போதுகிறது.

பேஸ் இரைச்சல் குறைந்தது, ஆனால் முழுசாகப் போகவில்லை. அதற்குக் காரணம் அறைதான். 10 அடி இடைவெளியில் எதிரெதிர்ச் சுவர்கள் இருந்தால் 56 ஹெர்ட்ஸ் அருகே ஒலி தேங்கும். நீளமும் அகலமும் ஒன்றென்றால் இரண்டு திசையிலும் அதே தொல்லை. பேஸ் கிடாரின் ஏ தந்தி 55 ஹெர்ட்ஸ். அந்த ஒரு சுரம் வந்தாலே ஜன்னல் அதிர்கிறது!

ஸ்பீக்கரின் பின்பக்கம் போர்ட் (பேஸ் வெளிவரும் காற்றுத் துளை) இருப்பதால் சுவரிலிருந்து ஒன்றரை அடி முன்னே நகர்த்தினேன். நாற்காலியையும் பின்சுவரை விட்டுத் தள்ளிப் போட்டேன். காசில்லாமல் கிடைத்த இந்த மாற்றம்தான் பெரிது. மூலையில் நிற்கும் அம்மாவின் பீரோவை மட்டும் அசைக்க அனுமதி இல்லை.

விலையுயர்ந்த டிஏசி (டிஜிட்டல் பாட்டை ஆம்ப்ளிஃபயருக்கான சிக்னலாக மாற்றும் கருவி) வாங்கச் சொன்னவர்களுக்கு: வேலூர் வெயிலில் ஃபேனை நிறுத்திவிட்டுப் பாட்டுக் கேட்க முடியாது. அந்தச் சத்தத்தில் நுணுக்கம் எங்கே கேட்கப் போகிறது? இப்போதைக்கு வேண்டாம்.