கலைச்சொல்: பக்க ஒளியூட்டல், தழையிடை ஒளியூட்டல், தழையடி ஒளியூட்டல்

குழுவினர் அனைவருக்கும் வணக்கம்.

உள்ளரங்கக் கஞ்சா வளர்ப்பில், மேலே தொங்கும் முதன்மை விளக்குகளோடு செடிகளின் பக்கவாட்டில் கூடுதலாகப் பொருத்தும் விளக்கமைப்பைக் குறிக்க ‘துணைப் பக்க வெளிச்சம்’ என்னும் தொடரை நண்பர் முன்மொழிந்திருந்தார். கனடாவில் 2018 அக்டோபர் 17 முதல் பெரியவர்களின் பொதுப் பயன்பாட்டுக்கும் சட்டம் இடம் தந்துவிட்டதால், அங்குள்ள தமிழருக்கு இத்துறைச் சொற்கள் தேவைப்படுவது இயல்பே. ஆயினும் அத்தொடரின் மூன்று உறுப்புகளில் ‘பக்க’ என்பதை மட்டுமே நான் ஏற்பேன். அதையும் ஒரு வரம்போடுதான்.

‘வெளிச்சம்’ என்பது கண்ணை ஒட்டிய சொல். செடிக்குப் பொருட்டாவது, 400 முதல் 700 நானோமீட்டர் அலைநீளத்துக்குட்பட்ட ஒளித்துகள்கள் எத்தனை இலையின்மேல் விழுகின்றன என்பது. அதனால்தான் வளர்ப்போர், கண்ணுக்குத் தெரியும் வெளிச்சத்தை அளக்கும் லக்ஸ் கணக்கை விட்டுவிட்டு, ஒரு சதுர மீட்டருக்கு நொடிக்கு எத்தனை மைக்ரோமோல் என்று அளக்கிறார்கள். நமக்கு மங்கலாகத் தெரியும் சிவப்பு-நீல எல்இடி விளக்கு செடிக்குத் தாராளமாகவே ஒளி தரக்கூடும். எனவே ‘ஒளியூட்டல்’ என்பதே பொருந்தும்.

‘துணை’ என்னும் அடை குழப்பம் தரும். நெதர்லாந்தின் கண்ணாடிக் கூடங்களில் தக்காளிக்கு விளக்குப் போடும்போது, கதிரவன் முதன்மை, விளக்கு துணை. உள்ளரங்கிலோ கதிரவனுக்கே இடமில்லை. அங்கே ஒரு விளக்குக்கு இன்னொரு விளக்கு துணையாகிறது. ‘துணை ஒளியூட்டல்’ என்பதைக் கதிரொளியோடு சேரும் விளக்கொளிக்கே ஒதுக்கிவிட்டு, உள்ளரங்கில் இடத்தைச் சொல்லும் முன்னொட்டு ஒன்றே போதும் என்று விடலாம்.

அந்த முன்னொட்டு எதுவென்பதில்தான் உண்மையான சிக்கல் இருக்கிறது. இலையடுக்குகளின் ஊடே இறங்க இறங்க ஒளி எவ்வாறு குறைகிறது என்பதை 1953இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் மோன்சி, சாயெகி இருவரும் ஒரு சமன்பாடாகத் தந்தனர். அதன்படி, தரைப்பரப்பைப் போல மும்மடங்கு இலைப்பரப்பு இருந்து, ஒளி எவ்வளவு விரைவாகக் குறைகிறது என்பதைக் காட்டும் கெழு 0.7 ஆகவும் இருந்தால், அடித்தட்டை எட்டுவது மேலே விழுந்த ஒளியில் ஏறத்தாழ 12 விழுக்காடு மட்டுமே. மேலிலைகள் தெவிட்டும் அளவுக்கு ஒளி பெற்று நிற்க, கீழ்க்கிளைகளின் பூங்கொத்துகள் சிறுத்து, பஞ்சு போல இறுக்கமின்றிப் போகின்றன. பலர் அக்கிளைகளை முன்கூட்டியே கழித்துவிடுவதும் இதனால்தான். உயரழுத்தச் சோடியம் விளக்கை இலைக்கு அருகே கொண்டுபோனால் வெப்பத்தில் இலை கருகிவிடும். வெப்பக்கதிர் குறைந்த எல்இடி வந்த பிறகே விளக்கைத் தழைக்குள் நுழைப்பது எளிதாயிற்று.

ஆனால் எண்ணம் அதற்கும் முந்தையது. அமெரிக்காவின் பர்டூ பல்கலைக்கழகத்தார் நம்மூர்த் தட்டைப்பயற்றின் தழைக்கு நடுவே குறைந்த திறனுள்ள குழல்விளக்குகளை வைத்துச் செய்த ஆய்வு 2000இல் வெளியாயிற்று. கனடாவின் குவெல்ஃப் ஆய்வாளர்கள் 2018இல் வெளியிட்ட கஞ்சா ஆய்வு தழைக்குக் கீழிருந்து தரும் ஒளியைப் பற்றியது; பூங்கொத்து விளைச்சல் கூடியதோடு, மணம் தரும் சேர்மங்கள் சிலவற்றின் அளவும் மாறியதாக அது கூறுகிறது. இவ்விரண்டையும் ‘பக்க’ என்பதில் அடக்க இயலாது.

ஆகவே, வரிசைக்கு வெளியே நின்று தருவது பக்க ஒளியூட்டல், இலைகளுக்கு நடுவே தருவது தழையிடை ஒளியூட்டல், கீழிருந்து தருவது தழையடி ஒளியூட்டல் எனப் பிரிக்கலாம். ‘தழை’ என்று நான் சொல்லும் இலைத்தொகுதிக்கு ‘விதானம்’ என்னும் சொல் காட்டியலில் வழங்குகிறது என்பதை அறிவேன். ஆனால் அது தலைக்கு மேலே விரித்த கூரையையே நினைவூட்டுகிறது, இங்கோ அடி முதல் நுனி வரையுள்ள இலைத்தொகுதி முழுவதும் பேசப்படுகிறது.

இன்னொன்றையும் விலக்கிவைக்க வேண்டும். ஓசூர்ப் பக்கம் செவ்வந்திக்கு இரவில் விளக்கெரிப்பது ஒளிச்சேர்க்கைக்காக அன்று, இரவைக் குறுக்கிப் பூப்பதைத் தள்ளிப்போடுவதற்காக. அதனைப் ‘பகல்நீட்டிப்பு ஒளியூட்டல்’ எனலாம். பெரும்பாலான கஞ்சா வகைகளும் செவ்வந்தியைப் போலவே நீண்ட இரவில் பூப்பவை. பக்க விளக்குகளுக்குத் தனி டைமர் வைத்து, அது, பூக்கும் பருவத்தில் முதன்மை விளக்குகள் நாளுக்கு 12 மணி நேரம் எரியும் கணக்கோடு ஒத்துப்போகாவிட்டால், பூப்பே குலைந்துவிடும். வளர்ப்புக் கையேட்டில் ‘பக்க ஒளியூட்டல்’, ‘பகல்நீட்டிப்பு ஒளியூட்டல்’ ஆகிய இவ்விரு சொற்களும் அடுத்தடுத்து வரும் என்பதால் வேறுபாடு தெளிவாக இருப்பது நல்லது.

சொற்களை வாக்கியத்தில் இட்டுப் பார்ப்போம்: “பூக்கும் பருவத்தின் மூன்றாம் வாரத்திலிருந்து தழையடி ஒளியூட்டல் தரப்பட்டது, விளக்குகள் முதன்மை விளக்குகளோடு ஒரே நேரத்தில் அணைக்கப்பட்டன.” எனக்கு இது இடறவில்லை. இடறுவோர் மாற்றுத் தொடரோடு எழுதுமாறு வேண்டுகிறேன்.