ஜியோஸ்மின்: மண்மணமியா, மண்வாசமியா?

மண்வாசனை தரும் சேர்மமான ஜியோஸ்மினுக்குத் தமிழில் ‘மண்மணமி’ என்று பெயர் வைக்கலாம் என்ற பரிந்துரை பாதி பிடித்திருக்கிறது. நிறம் தருவது நிறமி என்று பழகிவிட்டோம், அதே வார்ப்பில் மணமி என்றால் பள்ளிப் பிள்ளைக்கும் விளக்க வேண்டியதில்லை. உறுத்துவது அந்த ‘மணம்’தான்.

நான் மன்னார்குடிப் பக்கம். கோடையில் பாளம் பாளமாக வெடித்துக் கிடந்த வயலில் வாய்க்கால் தண்ணீர் முதல்முறை ஏறும்போது கிளம்புமே, அது மணம், சரி. ஆனால் சித்திரையில் வற்றிய குளத்தில் பிடித்த கெண்டையைக் கொண்டுபோனால் அம்மா முகர்ந்து பார்த்துவிட்டு, “சேத்து வாடை அடிக்குதுடா, புளியைக் கூடக் கரைக்கணும்” என்பார். இரண்டிலும் இதே சேர்மத்துக்குப் பங்கு உண்டு. வயல் மண்ணில் ஸ்ட்ரெப்டோமைசிஸ் பாக்டீரியா உண்டாக்குகிறது, குளத்தில் நீலப்பச்சைப்பாசி. அங்கே மீனின் செவுள் வழியாகப் போய்க் கொழுப்பில் தங்கிவிடுகிறது. மீனைச் சில நாள் தெளிந்த நீரில் விட்டுவைத்தால் வாடை குறைவது அதனால்தான். புளி சங்கதியும் வெறும் கைப்பக்குவம் இல்லை, அமிலம் பட்டால் ஜியோஸ்மின் சிதைந்து வாடை இல்லாத பொருளாகிவிடும்.

நம் மூக்கு இதற்கு எவ்வளவு கூர்மை என்றால், லிட்டருக்கு சுமார் 10 நானோகிராம் (ஒரு நானோகிராம் என்பது கிராமில் நூறு கோடியில் ஒரு பங்கு) இருந்தாலே பலருக்குத் தெரிந்துவிடும். கணக்குப் போட்டுப் பாருங்கள், ஒரு கிராம் 10 கோடி லிட்டருக்குப் போதும். ஒரு எக்டேரில் 2 மீட்டர் ஆழக் குளம் என்றால் ஐந்து குளம்! குடிநீர்க்காரர்களுக்கு இது தலைவலி, குளோரின் போட்டாலும் போகாது, கிளர்வூட்டிய கரி (activated carbon) வேண்டும். அதே மண்வாசனையை உத்தரப் பிரதேசத்துக் கன்னோசியில் சுட்ட மண்ணிலிருந்து வடித்துச் சந்தன எண்ணெயில் இறக்கி அத்தராக விற்கிறார்கள்.

ஆக, நல்லது கெட்டது இரண்டுக்கும் பொதுவான சொல் வேண்டும். ‘கெட்ட மணம்’ என்று யாரும் சொல்வதில்லை, ‘கெட்ட வாசம்’ என்று தாராளமாகச் சொல்கிறோம். அதனால் மண்வாசமி. வாசம் வடசொல்லாயிற்றே என்பவர்களுக்கு: ‘நாற்றம்’ ஒரு காலத்தில் பூவுக்கும் பொதுவாகத்தான் இருந்தது, இன்றைக்கு ‘மண்நாறி’ என்று எழுதினால் வசவாகிவிடும். 1965இல் கெர்பர், லெச்செவாலியர் என்ற ஆய்வாளர்கள் ஜியோஸ்மின் என்ற பெயரை வைத்தபோதும் கிரேக்கத்தில் மண், வாசம் என்ற பொதுவான இரண்டு சொற்களைத்தான் சேர்த்தார்கள், நறுமணம் என்று சொல்லவில்லை.

அப்புறம், இதைப் பெட்ரிகோரோடு குழப்ப வேண்டாம். அது 1964இல் ஆஸ்திரேலியாவில் பேர் (Bear), தாமஸ் என்ற ஆய்வாளர்கள் இருவரும் வைத்த பெயர், காய்ந்த பாறையிலும் மண்ணிலும் மழை பட்டதும் எழும் கலவையான வாசனைக்கு. அதற்கு நம் ‘மண்வாசனை’ போதும், புதுச்சொல் எதற்கு?

என் சொல்லிலும் ஓர் ஓட்டை இருக்கிறது. குளத்து மீனில் சேற்று வாடைக்கு 2-மெத்தில்ஐசோபோர்னியால் என்ற இன்னொரு சேர்மமும் காரணம். அதுவும் மண்வாசமிதானே? ஆகவே மண்வாசமி என்பதை இனப்பெயராக வைத்துக்கொள்ளலாம், வேதியியல் கட்டுரையில் 12 கார்பன் உள்ள அந்த ஆல்கஹாலை ஜியோஸ்மின் என்றே எழுதலாம், மீன் வளர்ப்போருக்கான துண்டறிக்கையில் மண்வாசமி என்று போடலாம். மண்மணமிக்காரர்கள் என்ன சொல்கிறீர்கள்?