மொறிஸ் மைனர் வான்: சூடேறியதும் கிளச் வழுக்குகிறது, சிறிது தூரத்தில் எஞ்சின் நிற்கிறது

வவுனிக்குளத்தான் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். எனது பெரியப்பாவின் மொறிஸ் மைனர் வானைத் திருத்தி மீண்டும் வீதிக்குக் கொண்டுவரும் வேலையில் ஈடுபட்டுள்ளேன். 1098 சீசீ எஞ்சின் பூட்டிய, பின்பக்கம் இரட்டைக் கதவுள்ள வான் இது. தொண்ணூறுகளில் பொருளாதாரத் தடையினால் வன்னிக்குள் பெற்றோல் வராதிருந்த காலம் முழுவதும் மண்ணெண்ணெயிலேயே ஓடியது. காபுரேற்றருக்குள் சிறிது பெற்றோல் விட்டு ஸ்ராட் செய்து, சூடேறியதும் மண்ணெண்ணெயில் ஓடவிடும் அந்த முறையை இங்குள்ள மூத்தவர்கள் நன்கு அறிவார்கள். 2002 இல் கண்டி–யாழ்ப்பாணம் ஏ-9 வீதி திறந்த பின்னர் வவுனியாவிலுள்ள உறவினர் ஒருவரின் கொட்டகைக்குப் போய்ச் சேர்ந்து, அங்கேயே நின்றுவிட்டது. எங்கள் குடும்பத்துக்கு மிஞ்சிய வாகனம் இது ஒன்றுதான் என்பதால், இதை எப்படியாவது ஓடவைக்க வேண்டும் என்று மனதார விரும்புகிறேன்.

நீண்டகாலம் நின்றதில் கிளச் பிளேற் பிளைவீலோடு (எஞ்சினின் பின்னாலுள்ள கனத்த சக்கரத்தோடு) ஒட்டிக்கொண்டிருந்தது. அதை விடுவித்துவிட்டோம். இப்போதுள்ள சிக்கல்கள் இரண்டு. குளிர்ந்த எஞ்சினோடு புறப்படும்போது கிளச் ஒழுங்காகவே பிடிக்கிறது. ஆனால் நன்றாகச் சூடேறிய பின்னர், குறிப்பாகக் குளக்கட்டில் ஏறும்போது, எஞ்சினின் சுற்று கூடுகிறதே தவிர வண்டியின் வேகம் கூடுவதில்லை. அடுத்தது, மல்லாவிப் பக்கம் சிறிது தூரம் ஓடியதும் எஞ்சின் இருமிவிட்டு நின்றுவிடுகிறது. கொஞ்ச நேரம் நிழலில் விட்டால் மறுபடியும் ஸ்ராட் ஆகிறது. பார்வையிட்ட மெக்கானிக் ஒருவர், கிளச் பிளேற், காபுரேற்றர், கொயில் மூன்றையும் கொழும்பு பஞ்சிகாவத்தையில் வாங்கி மாற்றினால் எல்லாம் சரியாகும் என்கிறார். செலவு பெரியது. வாங்குவதற்கு முன் நான் எவற்றைச் சோதிக்க வேண்டும்?

கனகராயன்குளம் பட்டறை எழுதியது:

தம்பிக்கு வணக்கம். இப்போதைக்கு ஒன்றும் வாங்க வேண்டாம். கிளச் வழுக்குகிறது என்பதற்காகக் கிளச்சைப் பழிசொல்ல முடியாது. உங்கள் வண்டியின் வரலாற்றைப் பார்த்தால், காரணம் எஞ்சினுக்குள் இருக்கவே வாய்ப்பு அதிகம்.

இந்த எஞ்சினின் கிராங் தண்டு பின்பக்கமாக வெளியே வருமிடத்தில் இன்றைய வாகனங்களில் இருப்பதுபோன்ற இறப்பர் சீல் கிடையாது. தண்டில் வெட்டப்பட்ட திருகுப் பள்ளம் சுழலும்போது ஒயிலைத் திரும்பவும் சம்புக்குள் (எஞ்சினின் அடியிலுள்ள ஒயில் தொட்டிக்குள்) தள்ளிவிடும். அங்குள்ள தடுப்பு அவ்வளவுதான். எஞ்சினுக்குள் அழுத்தம் கூடாதவரை அது போதுமானது. பிஸ்ரனைச் சுற்றியுள்ள றிங் தேய்ந்து எரிந்த வாயு கீழே இறங்கினாலோ, அந்த வாயு வெளியேற வேண்டிய மூச்சுக்குழாய் அடைபட்டாலோ, உள்ளழுத்தம் ஒயிலைப் பின்பக்கமாகப் பிதுக்கிவிடும். பிதுங்கும் ஒயில் கிளச் பிளேற்றில் போய்த்தான் விழும். குளிரில் தடித்திருக்கும் ஒயில் சூட்டில் இளகிப் பரவுவதால், நீங்கள் சொல்வதுபோல் சூடேறிய பின்னரே வழுக்கல் தெரியும்.

மண்ணெண்ணெய் இங்கே இரட்டைத் தீங்கு செய்திருக்கிறது. அது பெற்றோலைப்போல் இலகுவில் ஆவியாகாது; எரியாது மிஞ்சிய பகுதி சிலிண்டர்ச் சுவரிலுள்ள ஒயில் படலத்தைக் கழுவிக்கொண்டு சம்புக்குள் இறங்கி, ஒயிலை நீர்த்துப்போகச் செய்யும். சுவரும் றிங்கும் தேய்வது அதனாலேயே. மேலும், மண்ணெண்ணெயில் எஞ்சின் இடிக்கும் என்பதற்காக அக்காலத்தில் பலர் ஹெட்டுக்குக் (சிலிண்டர்களின் மேல்மூடிக்கு) கீழே இரண்டு கஸ்கற் (அடைப்புத் தகடு) போட்டு அமுக்கத்தைக் குறைத்தார்கள், பொறி விழும் நேரமான டைமிங்கையும் பின்தள்ளி வைத்தார்கள். உங்கள் வண்டியில் அவை அப்படியே இருக்கின்றனவா என்று பாருங்கள். பின்தள்ளிய டைமிங்கோடு பெற்றோலில் ஓட்டினால் இழுவை குறைந்து, எஞ்சின் அளவுக்கு மிஞ்சிச் சூடேறும்.

செலவில்லாத சோதனையிலிருந்து தொடங்குங்கள். வண்டிக்குக் கீழே படுத்து, பிளைவீல் வீட்டின் அடியிலுள்ள சிறு துளையைத் தேடுங்கள். அதில் ஒரு கொட்டர் பின் (இரண்டு கால்களுள்ள கம்பி ஆணி) தளர்வாகத் தொங்கி, ஓட்டத்தில் ஆடியபடி துளையை அடைபடாமல் வைத்திருக்க வேண்டும். உள்ளே சேரும் ஒயில் வடிவதற்கே அந்தத் துளை. பல வண்டிகளில் அது சேறு பிடித்து இறுகி, ஒயில் வெளியேற வழியின்றிக் கிளச்சிலேயே தேங்கும். பின்னை இழுத்து, வருவது என்ன ஒயில் என்று பாருங்கள். இந்த வண்டியின் கியர்பொக்ஸுக்கும் எஞ்சின் ஒயிலே விடப்படுவதால் மணத்தை வைத்துத் தீர்மானிக்க முடியாது. கறுத்திருந்தால் எஞ்சினிலிருந்தும், தெளிவாக இருந்தால் கியர்பொக்ஸிலிருந்தும் வருகிறது என்று கொள்ளலாம்.

பிறகு எஞ்சினின் பக்கவாட்டு மூடியிலிருந்து இறங்கும் மூச்சுக்குழாயைக் கழற்றி, கம்பி விட்டுச் சுத்தம் செய்யுங்கள். அதன்பின் நான்கு பிளக்குகளையும் கழற்றி, திறொட்டிலை முழுதாகத் திறந்து பிடித்தபடி, சூடான எஞ்சினில் கொம்பிரசன் (சிலிண்டருக்குள் எழும் அமுக்கம்) அளந்து எழுதுங்கள். அளக்குமுன் ரப்பெட் இடைவெளியை (வால்வுக்கும் அதை அழுத்தும் நெம்புக்கும் இடையிலுள்ள வெளியை) சரிசெய்வது அவசியம். குளிர்ந்த எஞ்சினில் அது 0.012 அங்குலம், அதாவது 0.30 மில்லிமீற்றர். எந்த வால்வைச் சரிசெய்ய வேண்டுமோ அதன் இலக்கத்தை ஒன்பதிலிருந்து கழித்தால் வரும் வால்வு முழுதாகத் திறந்து நிற்க வேண்டும்: எட்டாவது திறந்திருக்கும்போது முதலாவதையும், ஆறாவது திறந்திருக்கும்போது மூன்றாவதையும் சரிசெய்யலாம்.

பூநகரி உப்புக்காற்று எழுதியது:

பட்டறை ஐயா கிளச்சைப் பற்றி எழுதியதோடு முழுமையாக உடன்படுகிறேன். எஞ்சின் நின்றுபோவதைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

சூட்டினால் நிற்கிறது என்று நீங்கள் கருதுகிறீர்கள். சூடும் காரணமாகலாம், பிளக்கில் பொறி உண்டாக்க உதவும் கொண்டென்சரோ கொயிலோ சூட்டில் செயலிழந்து, ஆறியதும் உயிர்பெறுவதுண்டு. ஆனால் பெற்றோல் தாங்கியில் கிடக்கும் துருவும் பழைய மண்ணெண்ணெய்ப் பிசினும் இதே தோற்றத்தைத் தரும். ஓட்டத்தில் உறிஞ்சப்படும் தூசி, குழாய் வாயிலிலோ பம்பின் வடிகட்டியிலோ போய் அப்பிக்கொள்ளும். எஞ்சின் நின்று உறிஞ்சல் ஓய்ந்ததும் உதிர்ந்து விழும். வழி திறந்ததும் மீண்டும் ஸ்ராட் ஆகும். இரண்டையும் பிரித்தறிய, வண்டியை வளவில் நிறுத்தி வெறும் ஐடிலில் (அக்சிலேற்றரை மிதிக்காமல்) நீண்டநேரம் ஓடவிடுங்கள். ஐடிலில் நிற்காமல் வீதியில் மட்டும் நின்றால், சூட்டைவிட எரிபொருள் வரத்தையே சந்தேகிக்க வேண்டும், ஏனெனில் ஐடிலுக்குத் தேவைப்படும் பெற்றோல் மிகக் குறைவு.

வீதியில் நின்றவுடன், ஆறவிடாமல், முதலில் பெற்றோல் மூடியைத் திறவுங்கள். உஸ் என்று காற்று உள்ளே இழுபட்டால் மூடியின் காற்றுத்துளை அடைபட்டிருக்கிறது. எங்கள் பக்கத்தில் மூல மூடி தொலைந்து, ஏதோ ஒன்றை இறுக்கி அடைத்த வண்டிகள் பல உண்டு. பிறகு சாவியைப் போட்டு எஸ்.யூ. நிறுவனத்தின் பெற்றோல் மின்பம்பின் சத்தத்தைக் கேளுங்கள். காபுரேற்றர்ப் பக்கக் குழாயைக் கழற்றிப் போத்தலுக்குள் விட்டால், நல்ல பம்ப் ஒழுங்கான டிக் டிக் ஓசையோடு பெற்றோலைத் துடிப்பாகத் தள்ளும். படபடவென்று வேகமாக அடித்தும் பெற்றோல் வராவிட்டால் எங்கோ காற்று உறிஞ்சுகிறது. குழாயைக் கழற்றிய பின்னும் பேசாமல் இருந்தால் பம்பின் பொயின்ற் (மின்தொடுமுனை) கருகியிருக்கும் அல்லது தாங்கிப் பக்கம் அடைபட்டிருக்கும். பம்ப் நன்றாக வேலைசெய்து, பிளக்கில் பொறி மட்டும் இல்லாவிட்டால்தான் கொண்டென்சருக்குப் போங்கள். அப்போதும் பொறியைப் பிளக்குகளுக்குப் பகிரும் டிஸ்ரிபியூற்றரின் பொயின்ற் இடைவெளியை 0.015 அங்குலத்துக்கு வைத்துவிட்டே பாகம் மாற்றுங்கள்.

ஒரு எச்சரிக்கை. இந்த வண்டிகளில் பற்றரியின் பொசிற்றிவ் முனையே உடலோடு இணைக்கப்பட்டிருக்கும். புதிய மின்பம்ப் வாங்க நேர்ந்தால் அதற்கு ஏற்றதாகக் கேட்டு வாங்குங்கள்.

வவுனிக்குளத்தான் எழுதியது:

இருவருக்கும் மனமார்ந்த நன்றி. சொன்னவை எல்லாவற்றையும் செய்து பார்த்தேன்.

பிளைவீல் வீட்டின் துளை கண்ணுக்கே தெரியவில்லை. செம்மண்ணும் ஒயிலும் சேர்ந்து கல்லாக இறுகியிருந்தது. திருப்புளியால் சுரண்டிப் பின்னை அசைத்ததும், கறுத்த, தண்ணீராக நீர்த்த ஒயில் ஒரு தேநீர்க் கோப்பையளவு வடிந்தது. மூச்சுக்குழாயின் நுனியைக் குளவி மண்கூடு கட்டி முழுதாக அடைத்திருந்தது. கூடு காய்ந்து, குழாயின் சுவரோடு ஒன்றாகிவிட்டதால், கம்பியால் உடைத்து உடைத்துத்தான் எடுக்க முடிந்தது. உள்ளே பழைய கூட்டின்மேல் புதிய கூடு என்று அடுக்கடுக்காக இருந்தது. அதை எடுத்துவிட்டு எஞ்சினை ஓடவிட்டபோது குழாயால் மெல்லிய புகை வந்தது.

கொம்பிரசன் முதலாம் சிலிண்டரிலிருந்து முறையே 120, 115, 118, 85 பிஎஸ்ஐ. ஹெட்டுக்குக் கீழே இரண்டு கஸ்கற் இருப்பது ஓரத்தில் பார்த்தாலே தெரிகிறது.

ஐடிலில் எஞ்சின் நிற்கவில்லை. வீதியில் நின்றபோது மூடியில் காற்று இழுபடவில்லை. குழாயைக் கழற்றியும் பம்ப் சத்தமின்றி இருந்தது. தாங்கியைக் கழற்றினோம். அடியில் துருவும், தேன் நிறத்தில் ஒட்டும் பிசினும் படிந்திருந்தன. கழுவிப் பூட்டி, பம்பின் வடிகட்டியையும் சுத்தம் செய்த பின்னர் மல்லாவி போய்த் திரும்பியும் எஞ்சின் நிற்கவில்லை.

கிளச் இன்னும் வழுக்குகிறது. நான்காம் சிலிண்டருக்காக எஞ்சினைப் பிரிக்க வேண்டுமா?

கனகராயன்குளம் பட்டறை எழுதியது:

நான்காம் சிலிண்டருக்குள் ஒரு கரண்டி ஒயில் விட்டு மறுபடி அளவுங்கள். அளவு ஏறினால் றிங், ஏறாவிட்டால் வால்வு. றிங்காக இருந்தால் உடனே பிரிக்க வேண்டாம் என்பது என் கருத்து. நின்ற வண்டியில் றிங் கரியில் ஒட்டிக்கொள்வது வழக்கம். பழைய ஒயிலை முழுதாக இறக்கி, 20-50 தர எஞ்சின் ஒயில் விட்டு, சில வாரம் அளவோடு ஓட்டினால் தானாக விடுபடலாம். ஒயில் வடிகட்டியோடு சேர்த்து 3.7 லீற்றர் கொள்ளும். அதற்குமேல் விட்டால் மிகை பின்பக்கத்தால்தான் போகும். நான்காம் சிலிண்டர் கடைசியில் இருப்பதையும் கவனியுங்கள். எங்கள் கிணற்று நீரின் சுண்ணாம்பு எஞ்சின் புளொக்கின் பின்பகுதியில் படிந்தால், நீரோட்டம் குறைந்து அந்தச் சிலிண்டர்தான் முதலில் வாடும். புளொக்கின் வடிகால் திருகைத் திறந்து, நீர் தாராளமாக வருகிறதா என்று பாருங்கள்.

பூநகரி உப்புக்காற்று எழுதியது:

இந்த இடத்தில் ஐயாவோடு எனக்கு மாற்றுக் கருத்து உண்டு. ஒயில் குடித்த கிளச் பிளேற்றைப் பெற்றோலில் கழுவினாலும் தீயில் காட்டினாலும், அடுத்த சூட்டில் ஒயில் மறுபடி கசியும். புதிய பிளேற் எப்படியும் வேண்டும். அதற்காக எஞ்சினைக் கீழே இறக்கும்போதே பிஸ்ரனையும் பார்த்துவிட்டால் ஒரே வேலையாக முடியும். இரண்டு கஸ்கற்றை ஒன்றாக்குவதற்கு ஹெட்டை எப்படியும் திறக்கத்தானே வேண்டும்?

வவுனிக்குளத்தான் எழுதியது:

ஒயில் விட்டு அளந்தபோது நான்காம் சிலிண்டர் 110 வரை ஏறியது, ஆகவே றிங்தான். வடிகால் திருகைத் திறந்தபோது ஒரு சொட்டும் வரவில்லை, கம்பியால் குத்திய பிறகே செந்நிறச் சேறு வந்தது. புளொக்கைக் கழுவி, புதிய ஒயிலோடு தைப்பொங்கல்வரை சுமையின்றி ஓட்டி, மறுபடி அளக்கப்போகிறேன். அப்போதும் நான்காம் சிலிண்டர் 100 ஐத் தாண்டாவிட்டால் எஞ்சினை இறக்கும்போது றிங்கையும் மாற்றுவேன். தாண்டினால் கிளச்சும் கஸ்கற்றும் மட்டும். 7.25 அங்குலப் பிளேற்தானே கேட்டு வாங்க வேண்டும்?

கனகராயன்குளம் பட்டறை எழுதியது:

ஆம், 1098 எஞ்சினுக்கு 7.25 அங்குலம். பழைய 948 எஞ்சினின் 6.25 அங்குலப் பிளேற்றும் கடைகளில் இருப்பதால் அளந்து வாங்குங்கள். கூடவே, மிதிக்கும்போது கிளச்சை விடுவிக்கும் ரிலீஸ் பெயரிங்கையும் வாங்குங்கள். அது குண்டு பெயரிங் அல்ல, கரி வளையம். வழுக்கும் கிளச்சில் காலை வைத்தபடி ஓட்டியிருந்தால் அது தேய்ந்திருக்கும். எஞ்சின் கீழே இருக்கும்போது, மிதியிலிருந்து கிளச்சுக்குப் போகும் இணைப்புத் தண்டின் புஷ்களையும் ஆணிகளையும் ஆட்டிப் பாருங்கள். அவை ஓவலாகத் தேய்ந்திருந்தால், எவ்வளவு சரிசெய்தாலும் கியர் கரகரக்கும். முதலாம் கியருக்கு மட்டும் சின்க்ரோ (கியர் மாற்றும்போது வேகங்களைச் சமப்படுத்தும் பாகம்) இல்லாததால், ஓடிக்கொண்டிருக்கையில் அது கரகரப்பதைக் கோளாறாக எடுக்க வேண்டாம். பூட்டி முடித்ததும் அந்தக் கொட்டர் பின்னின் கால்களை விரித்து, விழாமலும் இறுகாமலும் தளர்வாக ஆடும்படி விடுங்கள்.